டிக்கி திறக்கவில்லை என்றால் மோட்டாரைத்தான் மாற்ற வேண்டுமா?

பட்டனை அமுக்கினால் தானாகத் திறந்து, மறுபடி அமுக்கினால் தானாக மூடிக்கொள்ளும் பின்கதவு எஸ்யூவி வண்டிகளில் இப்போது சர்வசாதாரணம். அமெரிக்காவில் இதற்கு பவர் லிஃப்ட்கேட் என்று பெயர். இந்திய விளம்பரங்களில் பவர் டெயில்கேட். டொயோட்டாக்காரர்கள் பவர் பேக் டோர் என்பார்கள். நம்மூர் பேச்சில் சொன்னால் ஆட்டோமேட்டிக் டிக்கி, அவ்வளவுதான்.

முன்பெல்லாம் பென்ஸ், பிஎம்டபிள்யூ வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கிடைத்த வசதி இது. ஃபோர்டு கம்பெனி 2013 மாடல் எஸ்கேப்பில் இன்னும் ஒரு படி மேலே போய், பம்பருக்கு அடியில் காலை ஆட்டினாலே கதவு திறக்கும்படி செய்தது. இந்தியாவில் 2019-ல் வந்த எம்.ஜி. ஹெக்டரின் உயர்ந்த மாடலில் பவர் டெயில்கேட் இருந்தது. 2023 அக்டோபரில் புதுப்பிக்கப்பட்டு வந்த டாடா ஹாரியர், சஃபாரி வண்டிகளின் மேல் மாடல்களில் காலை ஆட்டினால் திறக்கும் வசதியும் வந்துவிட்டது.

வேலை செய்யும்வரை யாரும் இந்தக் கதவைப் பற்றி யோசிப்பதில்லை. ஒரு நாள் பாதியில் நிற்கும். அல்லது "பீப் பீப்" என்று கத்திவிட்டு மறுபடி கீழே இறங்கும். அல்லது எந்தப் பட்டனை அமுக்கினாலும் சத்தமே வராது. வண்டியை சர்வீஸுக்கு விட்டால் பல நேரம் கிடைக்கும் பதில், "அசெம்ப்ளி போயிடுச்சு சார், மொத்தமா மாத்தணும்." கூடவே ஒரு எஸ்டிமேட். அதைப் பார்த்ததும் டிக்கிக்குப் பதிலாக வண்டிக்காரரின் வாய் தானாகத் திறந்துகொள்ளும் :-)

மொத்தமாக மாற்றத்தான் வேண்டுமா என்றால், பல நேரங்களில் வேண்டாம். இந்த வேலையில் உண்மையான உழைப்பு பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது. அந்த உழைப்புக்குத் தனியாகக் காசு கொடுக்க வாடிக்கையாளர் பழக வேண்டும். அதற்குத் தேவையான தகவலைக் கம்பெனிகள் பூட்டி வைக்கக் கூடாது. இந்த இரண்டும் நடக்காதவரை, உள்ளே அறுந்த ஒரு ஒயருக்காக ஒரு மோட்டாரின் விலையைக் கொடுப்பது தொடரத்தான் செய்யும்.

கதவுக்குள் என்ன இருக்கிறது?

வெளியே பார்த்தால் ஏதோ மந்திரம் போலத் தெரிந்தாலும் விஷயம் எளிமையானதுதான். ஐந்து பகுதிகள்.

முதலாவது, கட்டளை கொடுக்கும் இடங்கள். சாவியில் ஒரு பட்டன், ஓட்டுநர் பக்கம் ஒரு பட்டன், கதவின் வெளியே ரப்பர் உறைக்குள் ஒரு சுவிட்ச், கதவின் கீழ் விளிம்பில் மூடுவதற்கு ஒரு பட்டன், சில வண்டிகளில் பம்பருக்குள் காலை உணரும் சென்சார்.

இரண்டாவது, இந்தக் கட்டளைகளை வாங்கி முடிவெடுக்கும் கன்ட்ரோல் மாட்யூல்.

மூன்றாவது, கதவைப் பிடித்து வைத்திருக்கும் லாக். இதற்குள்ளும் ஒரு சின்ன மோட்டார் உண்டு. பல வண்டிகளில் மூடும்போது கடைசி சில மில்லிமீட்டரை இழுத்து இறுக்குவது இதன் வேலை.

நான்காவது, கதவைத் தூக்கும் மோட்டார். பழைய வடிவமைப்பில் கூரைப் பக்கம் ஒரு மோட்டார் இருந்து கையைப் போன்ற ஒரு கம்பியால் கதவைத் தள்ளும்; கதவின் எடையைத் தாங்க கேஸ் ஸ்ட்ரட் இருக்கும். புதிய வடிவமைப்பில் இரண்டு பக்கமும் இருக்கும் குழாய்களில் ஒன்றிலோ இரண்டிலுமோ மோட்டார், கியர், திருகு கம்பி, ஸ்பிரிங் எல்லாம் அடக்கம். மோட்டார் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணிச் சொல்ல ஒரு சென்சாரும் உள்ளே உண்டு. கதவு எந்த உயரத்தில் இருக்கிறது என்பது மாட்யூலுக்குத் தெரிவது அந்த எண்ணிக்கையால்தான்.

ஐந்தாவது, இவை எல்லாவற்றையும் இணைக்கும் ஒயர். வண்டியின் உடம்பிலிருந்து கதவுக்குப் போகும் ஒயர் கட்டு, கீலுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய் வழியாகப் போகும். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் தேவைப்படும்.

விலை குறைந்ததிலிருந்து தொடங்க வேண்டும்

காய்ச்சல் என்று போனால் நல்ல டாக்டர் எடுத்தவுடன் ஸ்கேன் எழுத மாட்டார். நாக்கை நீட்டச் சொல்வார், நாடி பார்ப்பார். கதவுக்கும் அதே வரிசைதான். செலவே இல்லாத சோதனைகள் முதலில், செலவானவை கடைசியில்.

முதல் சோதனை, அந்த வசதி அணைக்கப்பட்டிருக்கிறதா என்பது. சிரிக்க வேண்டாம். சில வண்டிகளில் டேஷ்போர்டு பெட்டிக்குள் இதற்கென்றே ஒரு சுவிட்ச் உண்டு. சிலவற்றில் திரையில் வரும் மெனுவுக்குள் இருக்கும். வண்டியைக் கழுவக் கொடுத்த இடத்திலோ, குழந்தை விளையாடியபோதோ அது அணைந்திருக்கலாம். அணைந்திருந்தால் லாக் மட்டும் விடுபடும், கதவு மேலே போகாது. பார்ப்பவருக்கு மோட்டார் செத்த மாதிரியே தோன்றும்.

பாதி உயரத்தில் தினமும் ஒரே இடத்தில் நின்றால், யாரோ உயர அளவைக் குறைத்துப் பதிந்து வைத்திருக்கலாம். தாழ்வான கார் ஷெட்டுக்காகக் கொடுக்கப்பட்ட வசதி அது. கதவைத் தேவையான உயரத்தில் நிறுத்தி, கீழ் விளிம்புப் பட்டனைச் சில விநாடிகள் அமுக்கிப் பிடித்தால் பல வண்டிகளில் புது உயரம் பதிந்துவிடும். வண்டிக்கு வண்டி முறை மாறும் என்பதால் மேனுவலைத் திறந்து பார்ப்பது நல்லது. வண்டி வாங்கிய நாளிலிருந்து பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருக்கும் அந்தப் புத்தகத்துக்கும் ஒரு நாள் மரியாதை கிடைக்கட்டும்.

ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கியர் பார்க்கில் இருக்கிறதா, கதவுகள் லாக் திறந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வண்டி நகர்வதாக நினைத்தால் மாட்யூல் திறக்கவே விடாது. அது கோளாறு இல்லை, பாதுகாப்பு.

இரண்டாவது சோதனை பேட்டரி. கதவைத் தூக்கும் மோட்டார் நல்ல கரண்ட் இழுக்கும். பேட்டரி சோர்ந்திருந்தால், வண்டியை ஸ்டார்ட் செய்யவாவது கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும் என்று மாட்யூல் கதவைத் தூக்க மறுக்கும். சில மணி நேரம் நின்ற வண்டியில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், நல்ல சார்ஜ் இருக்கும் சாதாரண ஈய-அமில பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி சார்ஜ்தான். ஹைபிரிட், எலெக்ட்ரிக் வண்டிகளிலும் பெரிய பேட்டரிக்குத் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. கதவுக்குக் கரண்ட் கொடுப்பது அந்தச் சின்னதுதான். சாவிக்குள் இருக்கும் நாணய வடிவ பேட்டரியையும் மறந்துவிடக் கூடாது.

இதில் ஒரு வேடிக்கை. பேட்டரியை மாற்றிய மறுநாளே கதவு வேலை செய்யவில்லை என்று பலர் புலம்புவதுண்டு. பேட்டரியைக் கழற்றியபோது கதவு எங்கே இருக்கிறது என்ற கணக்கை மாட்யூல் தொலைத்திருக்கும். பல வண்டிகளில் கையால் கதவை முழுமையாக மூடிவிட்டு, பிறகு ஒருமுறை பட்டனால் முழுக்கத் திறந்து மூடினால் கணக்கு திரும்பிவிடும். செலவு பூஜ்யம்.

மூன்றாவது சோதனை ஃபியூஸ். ஒரு டீ, ஒரு வடை விலை. எரிந்திருந்தால் அதே ஆம்பியர் எண் கொண்டதையே போட வேண்டும். பெரிய எண் போட்டால் அடுத்து எரிவது ஒயராக இருக்கும். புது ஃபியூஸும் உடனே எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது ஃபியூஸ் போட்டுப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை.

சத்தமும் ஒரு தகவல்

பழைய ரேடியோ மெக்கானிக்குகள் காதை வைத்தே பாதி வேலையை முடித்துவிடுவார்கள். இந்தக் கதவுக்கும் அது பொருந்தும்.

எந்தச் சத்தமும் இல்லையா? கட்டளை போய்ச் சேரவில்லை, அல்லது கரண்ட் வரவில்லை. எல்லாப் பட்டன்களையும் தனித்தனியாக அமுக்கிப் பார்க்க வேண்டும். சாவியில் திறக்கிறது, வெளிப் பட்டனில் மட்டும் திறக்கவில்லை என்றால் மோட்டார், மாட்யூல், லாக் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று அந்த ஒரே சோதனையில் தெரிந்துவிடும். குற்றவாளி அந்த ரப்பர் உறைக்குள் இருக்கும் சுவிட்ச். வெயிலில் ரப்பர் வெடித்து, மழைத் தண்ணீர் இறங்கி, உள்ளே துரு ஏறுவது சகஜம். காலை ஆட்டினால் மட்டும் திறக்கவில்லை என்றால் பம்பர் சென்சார். சேறு அப்பியிருந்தாலே அது குழம்பும்.

லாக்கிலிருந்து "டிக்" என்று சத்தம் வருகிறது, ஆனால் கதவு விடுபடவில்லையா? லாக்கில் அழுக்கு, அல்லது ரப்பர் பட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது லாக் மோட்டாரே தளர்ந்திருக்கிறது.

மோட்டார் சுற்றும் சத்தம் வருகிறது, கதவு நகரவில்லையா? உள்ளே கியர் பல் போயிருக்கலாம். இப்போதுதான் "அசெம்ப்ளி" என்ற வார்த்தைக்கு நியாயமே வருகிறது.

கொஞ்சம் நகர்ந்து, பீப் அடித்து, திரும்பி வருகிறதா? ஏதோ தடுக்கிறது என்று கதவு நினைக்கிறது. விரல் நசுங்காமல் இருக்க வைத்த ஏற்பாடு இது. பையின் வார், லாக் குழிக்குள் விழுந்த கல், கதவின் மேல் மாட்டிய சைக்கிள் கேரியர் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். கதவின் ஓரத்தில் ஓடும் உணர்பட்டை கிழிந்திருந்தாலும் இதே கூத்துதான்.

கீலுக்குப் பக்கத்து ஒயர்

மேலே சொன்ன ரப்பர் குழாய்க்கு இப்போது வரலாம். கதவு ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் அதற்குள் இருக்கும் ஒயர்கள் மடங்கி நிமிர்கின்றன. ஒரு கம்பியை எடுத்து ஒரே இடத்தில் மாற்றி மாற்றி மடக்கினால் என்ன ஆகும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சில வருடங்களில் ஒன்றிரண்டு ஒயர்கள் உள்ளுக்குள் அறுந்துவிடும். மேலுறை நன்றாக இருப்பதால் வெளியே தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க நல்ல தடயம் உண்டு. கதவோடு சேர்ந்து பின் வைப்பர், நம்பர் பிளேட் விளக்கு, பின் கேமரா, கண்ணாடிச் சூடேற்றி, மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கு இவற்றில் ஏதாவது ஒன்று அவ்வப்போது வேலைநிறுத்தம் செய்கிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றின் ஒயரும் அதே குழாய் வழியாகத்தான் போகிறது. கதவு ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் வேலை செய்தாலும் சந்தேகம் இங்கேதான் போக வேண்டும். ஒருவர் குழாயை மெல்ல அசைக்க, இன்னொருவர் விளக்கைக் கவனித்தால் பல நேரம் உண்மை வெளியே வந்துவிடும்.

அறுந்த ஒயரோடு அதே தடிமன் உள்ள, நன்றாக வளையும் ஒயரை இணைத்து, இணைப்புகள் ஒரே இடத்தில் குவியாமல் தள்ளித் தள்ளி வைத்து, மேலே சுருங்கும் உறை போட்டு மூடினால் வேலை முடிந்தது. நல்ல ஆட்டோ எலெக்ட்ரீசியனுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. இதையே கண்டுபிடிக்காமல் விட்டால் என்ன நடக்கும்? முதலில் மோட்டாரை மாற்றுவார்கள். சரியாகாது. பிறகு மாட்யூலை மாற்றுவார்கள். அந்த வேலையின்போது ஒயர் அசைந்து தற்செயலாக ஒட்டிக்கொள்ளும். "பார்த்தீங்களா, மாட்யூல்தான்" என்று பில் வரும். இரண்டு மாதத்தில் மறுபடி அதே கதை.

கை வைக்கக் கூடாத இடம்

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. எஸ்யூவியின் பின்கதவு கனமானது; தலையில் விழுந்தால் விளையாட்டல்ல.

2015-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் சுமார் 7 லட்சம் எஸ்யூவிகளைத் திரும்ப அழைத்தது. 2007 முதல் 2012 வரையிலான மாடல்கள். ஜிஎம்சி அகாடியா, ப்யூக் என்க்ளேவ், ஷெவர்லே டிராவர்ஸ், சாட்டர்ன் அவுட்லுக். காரணம் இந்தக் கதவுதான். அழுக்குப் புகுந்து கேஸ் ஸ்ட்ரட்டுகள் சீக்கிரமே தேய்ந்துபோயின. திறந்த கதவு திடீரென்று கீழே இறங்க வாய்ப்பிருந்தது. அப்படி இறங்கினால் கண்டுபிடித்து நிறுத்த வேண்டிய மென்பொருளும் அதைச் செய்யாமல் போகலாம் என்று தெரியவந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்ததாகப் புகார்கள் பதிவாகியிருந்தன. டீலர்கள் கதவு மோட்டாரின் கன்ட்ரோல் யூனிட்டை மறுபடி புரோகிராம் செய்து கொடுத்தார்கள்.

ஆகவே, கதவு பாதி உயரத்தில் நிற்காமல் சரிகிறது, முன்பைவிட வேகமாக இறங்குகிறது, கையால் தூக்கினால் கல்லாகக் கனக்கிறது என்றால் அது "அப்புறம் பார்க்கலாம்" வகை இல்லை. அதன் கீழே யாரும் நிற்கக் கூடாது, குறிப்பாகக் குழந்தைகள். ஸ்ட்ரட்டைக் கழற்றுவதற்கு முன் கதவுக்கு உறுதியான முட்டுக் கொடுக்க வேண்டும். குழாய்க்குள் அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங்கையோ கேஸையோ பிரித்துப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரக் கூடாது. இந்த இடத்தில் பொருளை மாற்றுவதே சரி.

சிக்கனம் எங்கே, பிடிவாதம் எங்கே என்ற வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும். அந்த வித்தியாசத்தைச் சொல்லக்கூடியது சோதனை ஒன்றுதான்.

ஸ்கேனர் ஏன் ஊமையாகிறது?

"இப்போதெல்லாம் எல்லாமே கம்ப்யூட்டர், ஸ்கேனர் மாட்டினால் தெரிந்துவிடுமே" என்று கேட்கலாம். இங்கேதான் பிரச்சினையின் வேர் இருக்கிறது.

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட், அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமானது. அதன் நோக்கம் புகைக் கட்டுப்பாடு. எனவே இன்ஜின், புகை சம்பந்தப்பட்ட கோளாறு எண்கள் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான மொழியில் கிடைக்க வேண்டும் என்று விதி வந்தது. கடையில் வாங்கும் மலிவான ஸ்கேனர் அந்த மொழியை மட்டும்தான் படிக்கும். பின்கதவு மாட்யூல் புகை விடுவதில்லை. ஆகவே அது பேசும் மொழி பெரும்பாலும் கம்பெனியின் சொந்த மொழி. "வலது பக்க மோட்டார் சென்சாரிலிருந்து சிக்னல் வரவில்லை" என்று அது எழுதி வைத்திருக்கும். ஆனால் அதைப் படிக்கக் கம்பெனியின் கருவியோ, விலை உயர்ந்த ஸ்கேனரோ வேண்டும்.

வண்டி தன் நோயைத் தானே எழுதி வைத்திருக்கிறது. காசு கொடுத்து வண்டியை வாங்கியவருக்கும் அவருடைய தெருமுனை மெக்கானிக்குக்கும் மட்டும் அதைப் படிக்க அனுமதி இல்லை. இது என்ன நியாயம்?

பி.காம். பாடத்தில் வரும் எலுமிச்சை

ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் எழுதிய கட்டுரை ஒன்று பொருளாதாரம் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். பழைய கார் சந்தையை வைத்து, விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் சந்தை எப்படிக் கெடும் என்று விளக்கினார். ஓட்டைக் காரை அமெரிக்கர்கள் எலுமிச்சை என்பார்கள். அதுவே கட்டுரையின் தலைப்பிலும் வந்தது. 2001-ல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் சேர்ந்து நோபல் பரிசும் பெற்றார்.

பழுதுபார்ப்பு இதைவிட ஒரு படி மோசமான சந்தை. பழைய கார் ஓட்டையா என்பது நாலு மாதம் ஓட்டினால் தெரிந்துவிடும். ஆனால் மோட்டாரை மாற்றியதும் கதவு திறந்தால், மோட்டாரை மாற்ற வேண்டிய அவசியம் இருந்ததா என்பது வாடிக்கையாளருக்குக் கடைசிவரை தெரியாது. இப்படி அனுபவித்த பின்னும் தேவையா இல்லையா என்று மதிப்பிட முடியாத சேவைகளைப் பற்றி மைக்கேல் டார்பி, எடி கார்னி இருவரும் 1973-லேயே எழுதினார்கள். நம்பி வாங்கும் பொருள்கள் என்று அவற்றுக்குப் பெயர். டாக்டர், வக்கீல், மெக்கானிக் மூவரும் இந்தப் பட்டியலில் வருவார்கள்.

இதற்காக சர்வீஸ் சென்டரில் இருப்பவர்கள் எல்லோரும் திருடர்கள் என்று முடிவுகட்டினால் அது அநியாயம். அவர்கள் பக்கமும் கணக்கு இருக்கிறது. ஒயரைத் தேடி ஒரு டெக்னீஷியன் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால், அந்த மூன்று மணி நேரத்துக்கு பில் போட முடியாது. போட்டால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். "ஒரு ஒயரை ஒட்டினதுக்கு இவ்வளவா?" என்பார். அதே ஆள், பளபளப்பான அட்டைப் பெட்டியில் புது மோட்டாரைக் காட்டினால் பேசாமல் பணம் கட்டுவார். புதுப் பொருளுக்குக் கம்பெனி வாரண்டி உண்டு, ஒட்டிய ஒயருக்கு யார் பொறுப்பு? ஆக, கண்டுபிடிப்பவருக்கு நஷ்டம், மாற்றுபவருக்கு லாபம். எல்லோரும் மாற்றுபவர்களாக ஆனதில் ஆச்சரியம் என்ன?

மூளைக்குக் காசு கொடுக்க மறுக்கும் வாடிக்கையாளர்தான் கடைசியில் இரும்புக்குக் காசு கொடுக்கிறார். இந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டியது வாடிக்கையாளரின் பங்கு.

சட்டம் எங்கே இருக்கிறது?

மீதிப் பங்கு கம்பெனிகளுடையது, அவற்றைக் கேட்க வேண்டிய அரசுடையது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-ல் வாக்கெடுப்பு நடத்தி, பழுது பார்க்கும் தகவலை வெளியாட்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். 2014-ல் கார் கம்பெனிகள் அதை நாடு முழுவதற்குமான உடன்பாடாக ஏற்றுக்கொண்டன. கம்பியில்லாமல் கம்பெனிக்கே போகும் தகவலும் வேண்டும் என்று 2020-ல் மறுபடி வாக்கெடுப்பு. நான்கில் மூன்று பங்கு வாக்குகள் ஆதரவு. கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2025 பிப்ரவரியில் கீழ் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

இந்தியா இதில் பின்தங்கியிருந்தது என்று சொல்ல முடியாது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும், பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்காமல் செய்து தனி மெக்கானிக்குகளின் வாய்ப்பைக் கெடுத்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. கம்பெனிகள் மேல்முறையீடு, வழக்கு என்று போயின. 2022 டிசம்பர் 24-ல், தேசிய நுகர்வோர் தினத்தன்று, மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணைய வாசல் திறந்தது. அதில் வாகனங்களும் ஒரு பிரிவு.

வாசல் திறந்தாயிற்று. ஆனால் டிக்கி மாட்யூலின் கோளாறு எண்ணைத் தெருமுனை மெக்கானிக் படிக்கும்படி செய்ய, ஒரு வாசல் போதாது. கொடுத்தே ஆக வேண்டும் என்ற சட்டம் வேண்டும்.

கம்பெனிகள் சொல்லும் பதில், "தகவலைத் திறந்துவிட்டால் ஹேக்கர்கள் புகுந்துவிடுவார்கள்." இந்த அச்சத்தை ஒரேயடியாகத் தள்ள முடியாது. ஓடும் வண்டியின் பிரேக்கில் யாரும் கைவைக்கக் கூடாதுதான். ஆனால் படிப்பது வேறு, மாற்றி எழுதுவது வேறு. கோளாறு எண்ணையும் அதன் அர்த்தத்தையும், ஒயர் வரைபடத்தையும் படிக்கக் கொடுப்பதால் எந்த வண்டியும் கடத்தப்படாது. எழுதும் அதிகாரத்துக்குப் பூட்டுப் போடட்டும். படிக்கும் உரிமைக்கு எதற்குப் பூட்டு?

"இவ்வளவு லட்சம் கொடுத்து வண்டி வாங்கியவருக்கு மோட்டார் விலை ஒரு பொருட்டா?" என்று இன்னொரு கேள்வி வரும். முதல் சொந்தக்காரருக்கு வாரண்டி இருக்கும். அந்த வண்டி ஆறு வருடம் கழித்து இரண்டாவது, மூன்றாவது கைக்குப் போகும். அப்போது வாரண்டி இருக்காது, கடன் இருக்கும். ஒயர்கள் அறுவதும் சரியாக அந்த வயதில்தான். அதோடு இதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்குவதும் தப்பு. தோள்பட்டை வலியுள்ள அம்மாக்களும், உயரம் குறைந்தவர்களும், சக்கர நாற்காலியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தானே ஓட்டிப் போகிறவர்களும் இந்த வசதிக்காகவே மேல் மாடலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கதவு நின்றால் அவர்களுடைய அன்றைய நாளே நின்றுவிடும்.

கவுண்டரில் கேட்க வேண்டியவை

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை சர்வீஸ் கவுண்டரில் வண்டிக்காரர் செய்யக்கூடியவை சில உண்டு.

வண்டியை விடும்போதே எந்தப் பட்டனில் வேலை செய்கிறது, எதில் செய்யவில்லை, என்ன சத்தம் வருகிறது, எந்த உயரத்தில் நிற்கிறது, வேறு எந்த விளக்கு எரியவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். முடிந்தால் செல்போனில் வீடியோ.

"கண்டுபிடிக்க எவ்வளவு ஆகும்? அதைத் தனியாக பில் போடுங்கள், கொடுத்துவிடுகிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு வாக்கியம் எதிரில் இருப்பவரின் கணக்கையே மாற்றிவிடும்.

பொருளை மாற்ற வேண்டும் என்றால், எந்தச் சோதனையில் அது தெரிந்தது, கோளாறு எண் என்ன என்று எஸ்டிமேட்டிலேயே எழுதச் சொல்ல வேண்டும். மோட்டாருக்கு நேரடியாகக் கரண்ட் கொடுத்துப் பார்த்தார்களா, கீலுக்குப் பக்கத்து ஒயரைச் சோதித்தார்களா என்று கேட்க வேண்டும். கேள்வி கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல டெக்னீஷியனுக்கு இப்படிக் கேட்பவரைப் பிடிக்கும்.

கழற்றிய பழைய பொருளைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வாரண்டியில் மாற்றியதென்றால் அது கம்பெனிக்குப் போய்விடும். காசு கொடுத்து மாற்றியதென்றால் கேட்பதில் தப்பில்லை.

இத்தனையும் கேட்ட பிறகு மோட்டார்தான் போயிருக்கிறது என்று நிரூபணமானால், சந்தோஷமாக மாற்றிக்கொள்ளலாம். அப்போது கொடுக்கும் காசு எதற்கு என்று கொடுப்பவருக்குத் தெரிந்திருக்கும்.

பின்குறிப்பு: டிக்கி மூடிய நிலையிலேயே மாட்டிக்கொண்டால், பல எஸ்யூவிகளில் பின் சீட்டை மடக்கிவிட்டு உள்ளே போய், கதவின் உள்பக்க பிளாஸ்டிக்கில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்தால் லாக்கை விடுவிக்கும் ஒரு நெம்பு இருக்கும். அது எங்கே என்று இன்று சாயங்காலமே மேனுவலில் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. கல்யாணச் சீர்வரிசை உள்ளே இருக்கும்போது தேடினால் கிடைக்காது :-)